ஃபுல்லர் என்றால் துணி வெளுப்பவர்

அண்ணை,

நேற்றுச் சந்தைக்குப் போய் வந்தபோது எங்கள் கட்டட வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த இரண்டாம் மாடிக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு நான் எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது? அழைப்புமணிப் பொத்தான்களின் வரிசையில், மூன்றாம் மாடிக்கு நேரே ஒரு புதுப் பெயர் ஒட்டியிருந்தது. ஃபுல்லர்.

கை தானாகப் பைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்துவிட்டது. உங்கள் இலக்கத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. "அண்ணை, எங்கடை ஆள் ஒருத்தர் மேல்மாடிக்குக் குடி வந்திருக்கிறார்" என்று நான் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். "போய்ச் சுகம் விசாரிச்சனீரோ? சொந்தக்காரரைக் கவனிக்காமல் என்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறீர்" என்பீர்கள். விரல் பொத்தானுக்கு மேலே போன பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தொலைபேசியைத் திரும்ப வைத்துவிட்டு, கத்தரிக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். இந்தப் பெயரைப் பார்த்துச் சிரிக்க ஹம்பேர்க் முழுவதிலும் இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.

தேத்தண்ணீர் போட்டு வைத்தேன், குடிக்க மனம் வரவில்லை. இதை யாருக்காவது சொல்லவேண்டும் போல் இருந்தது. இந்த வீட்டில் சொல்ல ஆளில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாம் முதன்முதல் சந்தித்த கதையை நீங்கள் சொல்லும்போது எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வீர்கள். நான் நடந்தபடியே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற அந்தத் தொழிற்சாலையில் எனக்கு அன்று முதல் நாள். மாங்கல் என்கிற பெரிய இயந்திரத்தடியில் என்னை நிறுத்தினார்கள். சூடான உருளைகளுக்கு இடையில் ஈர விரிப்பைக் கொடுத்தால், மறுபக்கத்தால் அது காய்ந்து தேய்த்து வரும். ஒரு மூலையை ஒருவர், மற்ற மூலையை இன்னொருவர் பிடித்துக் கொடுக்கவேண்டும். மற்ற மூலையில் நீங்கள் நின்றீர்கள். நெற்றியில் திருநீறு, காதில் பஞ்சு, முகத்தில் ஒரு பெரிய மனிதர் தோரணை.

விரிப்பு இரண்டு போகவில்லை, கேட்டுவிட்டீர்கள். "பிள்ளை, நீர் எந்த இடம்?"

யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் இந்தக் கேள்வி வராமல் இராது. முதலில் ஊர், பிறகு கோயில், பிறகு ஒழுங்கை. மூன்றாவது பதிலுக்குள் ஆளின் சாதி கேட்டவரின் கைக்கு வந்துவிடும். அகதி விடுதியில் இருந்த காலத்திலேயே நான் இதற்கு ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பெயர்பெற்ற ஓர் ஊர். அதன் பெயரை இங்கே எழுதவில்லை, அந்த ஊரவர்கள் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பெரிய கோயில், பெரிய பள்ளிக்கூடம், நிறையச் சனம். அவ்வளவு சனத்துக்குள் ஒருத்தியைத் தெரியவில்லை என்றால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஊரைத்தான் சொன்னேன்.

உங்கள் கை விரிப்பை விட்டுவிட்டது. "அப்பிடியோ," என்றீர்கள். பிறகு மெல்ல, "நானும் அங்கைதான்."

ஹம்பேர்க்கில் இத்தனை தொழிற்சாலை இருக்க, நான் பொய் சொன்ன ஊர்க்காரரின் பக்கத்திலேயே கொண்டுவந்து விட்டார்களே என்று நினைத்தேன். நீங்களும் அதையேதான் நினைத்தீர்கள் என்பதும், அந்த ஊரை நீங்கள் எனக்கு முன்னமே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்ததால் பின்வாங்க வழியில்லாமல் போயிற்று என்பதும் எனக்கு வெகு காலம் தெரியாது.

ஏன் இவ்வளவு பயம் என்று இன்று ஒரு பிள்ளை கேட்டால் நேராகவே சொல்லிவிடலாம். ஊரில் எங்கள் வீடுகளைக் கட்டாடி வீடு என்பார்கள். மற்றவர்களின் துணியை வெளுப்பது எங்கள் குடும்பங்களின் வேலை. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் நாங்கள் போகாமல் காரியம் நடக்காது, ஆனால் அந்தப் பந்தியில் எங்களுக்கு இலை விழாது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தும் அது கூடவே வந்தது. ஒருவரைப் பற்றித் தெரியவந்ததும் அவரைப் பிறந்தநாள் வீடுகளுக்குக் கூப்பிடாமல் விட்டதை நான் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தொழிற்சாலையில் எல்லாச் சாதித் தமிழர்களும் எங்களோடு சேர்ந்து ஊர்பேர் தெரியாத நோயாளிகளின் துணியைத்தான் வெளுத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்புக்கும் கனடாவுக்கும் தொலைபேசி எடுத்தால் மட்டும் "கொம்பனி வேலை" என்பார்கள்.

அந்த முதல் வருடத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நீங்கள் என்னைக் கண்டால் இருமிக்கொண்டு மற்றப் பக்கம் போவீர்கள். நான் உங்களைக் கண்டால் கழிப்பறைக்குப் போவேன். மாங்கலடியில் நின்றால் காலநிலையைத் தவிர வேறொன்றும் கதைப்பதில்லை. ஒருநாள் மடிப்புப் பகுதிக்குப் புதிதாக வந்த ஓர் அக்கா, அந்த ஊரில் உண்மையாகவே மாமி வீடு உள்ளவ, சாப்பாட்டு மேசையில் நம் இருவரையும் பிடித்துக்கொண்டா.

"ரெண்டு பேரும் ஒரே ஊரோ! தெற்கு வீதி மடத்திலை இப்பவும் தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுறவையோ?"

"அதெல்லாம் அண்ணைக்குத்தான் வடிவாத் தெரியும்," என்றேன் நான்.

"நான் சின்னனிலை வெளிக்கிட்டிட்டன். பிள்ளைதான் பிந்தி வந்தது," என்றீர்கள் நீங்கள்.

அந்த அக்கா என் முகத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா. "என்ன ரெண்டு பேரும் கோபமோ?" என்று கேட்டா. ஓம் என்று தலையாட்டியதுதான் அன்றைக்கு நாம் இருவரும் ஒன்றாகச் சொன்ன ஒரே பதில். தொழிற்சாலை முழுவதும் நமக்குள் ஏதோ காணிச் சண்டை என்று கதை பரவி, அதுவே நமக்கு நல்ல காவலாகவும் போய்விட்டது.

அப்போது நமக்கு மேலாளராக, இங்கத்தைய பேச்சில் ஷெஃப் ஆக, இருந்தவர் ஃபுல்லர். இங்கிலாந்துக்காரர். பட்டாளத்தோடு ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். சிவந்த கழுத்து, பெரிய சிரிப்பு, இங்கிலீஷ் வாடை அடிக்கும் ஜெர்மன். ஜெர்மனில் ஊற்றுப்பேனையை ஃப்யூலர் என்பார்கள். அதனால் வேலையாட்கள் அவரைப் பேனை, பேனை என்று பகிடி பண்ணுவார்கள். ஒருநாள் தேநீர் நேரத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை. குவளையை மேசையில் வைத்துவிட்டு, என் பெயருக்கு அர்த்தம் தெரியாமல் என்னோடு விளையாடாதீர்கள் என்று தொடங்கினார்.

ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கிராமங்களில் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர்தான் இருந்ததாம். ஒரே ஊரில் இரண்டு மூன்று ஜோன். யார் எந்த ஜோன் என்று பிரித்துச் சொல்ல ஆளின் தொழிலையும் சேர்த்துச் சொன்னார்கள். இரும்படிக்கிற ஜோன், மாவரைக்கிற ஜோன், துணி வெளுக்கிற ஜோன். அந்தக் கடைசி ஜோன்தான் ஃபுல்லர். தறியிலிருந்து வரும் கம்பளித் துணியில் ஆட்டின் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் புளித்த மூத்திரமும் விட்டு, நாள் முழுக்கக் காலால் மிதிக்கவேண்டும். அப்போதுதான் பிசுக்குப் போய்த் துணி இறுகித் தடிக்கும். அப்படி மிதித்தவர்களின் பெயர் லத்தீன் காலத்திலிருந்து வருகிறது என்றார். மகன் வேறு தொழிலுக்குப் போனாலும் பெயர் அவனோடு போயிற்று. பேரனோடும் போயிற்று. "என் அப்பா பஸ் ஓட்டினவர். அவருடைய அப்பா நிலக்கரி வெட்டினவர். எத்தனையோ தலைமுறையாக எங்களில் ஒருவரும் துணியைத் தொடவில்லை. கடைசியில் நான் இந்தத் தொழிற்சாலைக்கு வந்து நிற்கிறேன்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

பிறகு அவர் சொன்னதுதான், அண்ணை, நம் இருவரையும் பிடித்துக்கொடுத்தது. பிசுக்கை இழுக்கத் தொட்டிக்குள் ஒருவகை மண்ணும் போடுவார்கள் என்றார். அந்த மண்ணுக்கே இங்கிலீஷில் ஃபுல்லரின் மண் என்றுதான் பெயராம். மேசையில் இருந்த எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மண்ணைப் போட்டால் துணி ஊத்தையாகாதா என்று போலந்துக்காரி கேட்டாள். மடிப்புப் பகுதி அக்காவும், "உந்த ஆளுக்கு விசர்" என்று தமிழில் சொல்லிச் சிரித்தா.

நான் சிரிக்கவில்லை. அம்மா உவர்மண்ணைக் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து வெள்ளாவி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மண் அழுக்கை எடுக்கும் என்பது எனக்கு ஒரு செய்தியே இல்லை. தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். மேசையின் மற்ற முனையில் இன்னும் ஒருவர் சிரிக்காமல் இருந்தார். நீங்கள், அது தெரிந்த கதைதானே என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்படியே உங்கள் கண் என் மேல் வந்து நின்றது. தலை ஆடுவதும் நின்றது.

நீங்கள் ஃபுல்லரின் பக்கம் திரும்பி, உங்கள் உடைந்த ஜெர்மனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "உங்கள் மனைவியின் வீட்டாருக்கு இது தெரியுமா?"

ஃபுல்லருக்குக் கேள்வி விளங்கவில்லை. எது தெரியுமா என்று கேட்டார். "இந்தத் தொழில். உங்கள் பெயருக்குள் இருக்கிற தொழில்."

"தெரியாமல் என்ன? அவளுடைய பெயர் கெர்பர். தோல் பதனிடுகிறவர்கள். என்னுடைய ஆட்களைவிட அவளுடைய ஆட்கள்தான் கூட நாறியிருப்பார்கள்," என்று சொல்லிவிட்டு ஃபுல்லர் குவளையைக் கழுவப் போனார்.

மாங்கலடிக்குத் திரும்பினோம். விரிப்பின் மூலையைப் பிடித்தபடி, என்னைப் பாராமலே கேட்டீர்கள். "பிள்ளை, உண்மையா நீர் எந்த இடம்?"

சொன்னேன். இந்த நாட்டில் முதன்முறையாக என் வாயால் அந்தக் குறிச்சியின் பெயரைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, நீங்கள் இரண்டாம் முறை கேட்டீர்கள். பிறகு உங்களுடையதைச் சொன்னீர்கள். இலந்தைக்குளத்தடி. எங்கள் இடத்திலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம்.

"அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்குப் பயந்து நாங்களே ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறமே பிள்ளை!"

சிரிக்கத் தொடங்கினீர்கள். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். விரிப்பைக் கோணலாக விட்டதில் அது உருளைக்குள் சிக்கி, மாங்கல் நின்றுபோய், ஃபுல்லர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. அந்த மனிதருக்குக் கடைசிவரை அதன் காரணம் தெரியாது.

அதன் பிறகு எனக்கு இந்த ஊரில் ஒரு வீடு கிடைத்தது. உங்கள் மனைவி காலமான பின், தாயில்லாமல் நின்ற உங்கள் மகள் ஆரணிக்குத் தலை இழுத்துப் பின்னிவிட ஞாயிறுகளில் வருவேன். நீங்கள் குரக்கன் புட்டு அவிப்பீர்கள், அது ஒருநாளும் சரியாக வராது. அந்தக் குசினியில் இருந்து கதைக்கும்போது நான் என் சொற்களை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. என் அம்மா யார் வீட்டுக்குத் துணி எடுக்கப் போனா, எந்த வீட்டு வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டா என்பதெல்லாம் வெட்கமில்லாமல் சொல்ல எனக்கு உங்களைத் தவிர ஆள் இருக்கவில்லை.

ஃபுல்லரின் கதை உங்களை விட்டுப் போகவே இல்லை. எஸ்-பான் ரயிலில் நாம் பிரதான நிலையத்தடித் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் வாங்கப் போகும்போது, யன்னலால் தெரிகிற பெயர்ப்பலகைகளை எல்லாம் எனக்குக் காட்டுவீர்கள். "ஷ்மிட், கொல்லன். மியூலர், மாவரைக்கிறவன். ஷ்னைடர், தையல்காரன். வேபர், நெய்யிறவன். பாரும் பிள்ளை, ஊர் முழுக்கத் தொழிலாலைதான் பேர். ஒருத்தராவது தலை குனிஞ்சிருக்கினமே?" இங்கிலாந்தில் வடக்கே போனால் அதே துணி மிதிக்கிறவரை வோக்கர் என்றும், தென்மேற்கே போனால் டக்கர் என்றும் சொல்வார்கள் என்று ஃபுல்லர் இன்னொரு நாள் சொன்னது உங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "மூண்டு பேரும் ஒரே ஆக்கள். ஆளை ஆள் தெரியாமல் இருக்கினம், எங்களை மாதிரி" என்பீர்கள்.

ஆனால் நிலையத்துக் கடை வாசலில் இறங்கியதும் நீங்கள் மாறிவிடுவீர்கள். அங்கே நீங்கள் அந்தப் பெரிய ஊரின் மகன். உங்களை அந்த ஊர்ச் சங்கத்தின் செயற்குழுவிலேயே போட்டுவிட்டார்கள்! ஒன்றுகூடலில் மேடையேறி, ஒருநாளும் வடம் தொட்டிராத தேரைப் பற்றி நீங்கள் உருகிப் பேசியபோது, கடைசி வரிசையில் இருந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவள் நான். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "ஏன் அண்ணை உந்தப் பாடு? விட்டிட்டு விலகுங்கோவன்."

"ஏலாது பிள்ளை. ஆரணிக்கு ஒரு இடம் பாக்கவேணும். எந்த ஊர் எண்டு கேப்பினம்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை, என் பயம் என்னோடு போய்விடும். உங்கள் பயம் உங்கள் மகளின் வாழ்க்கையில் போய் விழக்கூடியது. அது எனக்கு விளங்கியது.

ஃபுல்லர் இறந்து கல் வைத்த பின்பு பூ வைக்க நாம் போனோமே, அன்றைய மழை இன்னும் நினைவிருக்கிறது. சாம்பல் நிறக் கல்லில் அவர் பெயர் வெட்டியிருந்தது. நீங்கள் குடையை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்து அந்த எழுத்துகளை விரலால் தடவினீர்கள். "கல்லிலையும் அதைத்தான் வெட்டி வைச்சிருக்கினம்," என்றீர்கள். குடையைத் திரும்ப வாங்கினீர்கள். "எங்கடையிலை என்னத்தைப் போடுவினம் பிள்ளை?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அந்தக் கேள்வியை நீங்கள் திரும்பக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரங்களிலும்கூட, படுக்கை விரிப்பின் ஓரத்தை விரலால் நெரித்துப் பார்த்து, "சரியாக் காயேல்லை" என்று குறை சொன்னீர்களே தவிர, இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் கேள்வி போகவில்லை, அண்ணை. நீங்கள் கண்ணை மூடிய மறுநாள் காலை அது ஆரணியின் வாயால் வந்தது.

நம்மவர்களின் மரண அறிவித்தல் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் வரியே இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்றுதான் தொடங்கும். ஊர் இல்லாமல் நமக்குச் சாகவும் முடியாது. சங்கத் தலைவர் அழகாக ஒன்றை எழுதி அனுப்பியிருந்தார். எங்கள் ஊர் ஈன்றெடுத்த உத்தமர் என்றெல்லாம் போட்டிருந்தார். ஆரணி குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, வீங்கிய கண்ணோடு என்னைக் கேட்டாள்.

"அன்ரி, உதைப் போடட்டே? ஊர் சரிதானே?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் ஒழுங்காக நடக்கும். சங்கத்து மலர்வளையம் வரும், மண்டபம் நிறையும். அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பையனின் தாய் தகப்பன் முன்வரிசையில் வந்து இருப்பார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டுத்தானே அந்தத் தாய்க்கு மனம் நிறைந்தது. நான் உண்மையைச் சொன்னால் நீங்கள் வாழ்நாள் முழுக்கக் காத்ததை ஒரு நிமிடத்தில் உடைத்தவளாவேன். சொல்லாமல் விட்டால் உங்களைப் பிறக்காத ஊரில் பிறந்தவராக எரித்துவிடுவோம். இலந்தைக்குளத்தடியில் பிறந்து வளர்ந்த ஒருவர் இருந்தார் என்பதே இல்லாமல் போய்விடும். உங்கள் மூக்குக்கண்ணாடி அந்த மேசையிலேயே இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். குளத்தடியை, கட்டாடி வீட்டை, வேலிக்கு வெளியே நின்றதை, ஒரே ஊர் என்று பொய் சொன்னதை. அந்தப் பையனின் தாய் என்ன நினைப்பா என்பதையும் சேர்த்தே சொன்னேன். "முடிவு உம்மடை கையிலை" என்றேன்.

ஜெர்மனியில் பிறந்த பிள்ளை, இதென்ன பெரிய விஷயம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்கும் பொய் சொன்னவரோ? என்னையும் நம்பேல்லையோ?"

"உம்மை நம்பாமல் இல்லை. உமக்காகப் பயந்தவர்."

எழும்பி யன்னலடிக்குப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "ஃபுல்லர் அங்கிள் கிறிஸ்மசுக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் அந்தப் பேர்க் கதையைச் சொல்லுவார். அப்பா ஒவ்வொரு முறையும் எழும்பி இதிலை வந்து நிப்பார். அந்தக் கதை அலுத்துப்போச்சு எண்டுதான் நான் நினைச்சனான்."

திரும்பி வந்து சங்கத் தலைவரின் வரியை அழித்தாள். "அந்தக் குளத்தின்ரை பேர் என்ன, அன்ரி? சொல்லுங்கோ, எழுத." எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்கள்?"

"நானும்தான்," என்றேன்.

அறிவித்தல் வந்த அன்றே தலைவர் தொலைபேசி எடுத்தார். ஆரணி ஒலிபெருக்கியில் போட்டாள், அதனால் நானும் கேட்டேன். "பிள்ளை, அப்பான்ரை ஊர் பிழையா விழுந்திட்டுது. திருத்தச் சொல்லுங்கோ."

"இல்லை அங்கிள். முந்திச் சொன்னதுதான் பிழை. இது சரி."

அவர் அனுதாபத்தை இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்தார். நல்ல மனிதர்தான், கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மலர்வளையம் வரவில்லை.

உங்கள் காரியத்தன்று மண்டபத்தில் கதிரைகள் நிறைய வெறுமையாகக் கிடந்தன. மறைக்காமல் சொல்கிறேன், அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலித்தது. பையன் வந்தான். உங்கள் பெட்டியில் ஒரு பக்கத்தை அவன்தான் தூக்கினான். தாய் தகப்பன் வரவில்லை. பழைய தொழிற்சாலை ஆட்கள் சிலர் வந்தார்கள், போலந்துக்காரி தேம்பித் தேம்பி அழுதாள். எல்லாம் முடிந்து வெளியே நின்றபோது, கடைசி வரிசையில் இருந்த வயதான ஒரு புருஷனும் பெண்சாதியும் என்னிடம் வந்தார்கள். யாரென்று எனக்குத் தெரியவில்லை. பிரேமனிலிருந்து ரயிலில் வந்தோம் என்றார்கள்.

"அவரைத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அந்த மனிதர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தணித்தார். "தெரியாது. அறிவித்தலிலை ஊர் பாத்தனாங்கள். நாங்களும் குளத்தடிதான். இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது."

அவருடைய மனைவி என் கையைப் பிடித்தவ விடவே இல்லை. நேரில் கண்டிருந்தால் உங்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்கும், அண்ணை. இத்தனை காலம் ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் கூடிய தூரத்தில் இருந்திருக்கிறார்கள். ஆளை ஆள் தெரியாமல் இருந்திருக்கிறீர்கள்.

இப்போது என்னைத் தைப்பொங்கல் ஒன்றுகூடலுக்குக் கூப்பிடுவதில்லை. கடையில் முன்பு என் கையைப் பிடித்துக் கதைக்கிறவர்கள் இப்போது மீன் பெட்டியைக் கவனமாகப் பார்க்கிறார்கள். எல்லோரும் இல்லை, சிலர்தான். தனிமை எனக்குப் பழக்கமானது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், பழகவில்லை. முன்பெல்லாம் யாராவது முகம் திருப்பினால் ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வந்து அவர்களைப் போலவே முகத்தை வைத்துக் காட்டுவேன், நீங்கள் புட்டுக்குழலோடு நின்று சிரிப்பீர்கள். இப்போது முகம் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், காட்டத்தான் ஆளில்லை.

போன மாதம் ஆரணிக்குப் பதிவுத் திருமணம். பையன் தாய் தகப்பனோடு சண்டை பிடிக்காமல், அதேநேரம் விட்டுக்கொடுக்காமலும் காத்திருந்து பார்த்தான். அவர்கள் இளகவில்லை. அதனால் சின்னதாகச் செய்தார்கள். சாட்சிக்குக் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. பதிவு பண்ணுகிற பெண், இனி என்ன குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டாள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லையே. இந்த நாட்டுக்கு வந்தபிறகு தகப்பனின் பெயரை அந்த இடத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். ஆரணி உங்கள் பெயரைச் சொன்னாள். என்னுடையது இதுதான், இனியும் இதுதான், பிள்ளைகளுக்கும் இதுதான் என்றாள். பையன் சரி என்று தலையாட்டினான். அந்தப் பெண் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக உச்சரித்துப் பார்த்துவிட்டு, அழகான பெயர், என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஆரணி என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த சோடி கதவடிக்கு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் குளிர். ஆரணி தன் கையை என் கோட்டுப் பைக்குள், என் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அன்ரி, எனக்குப் பிள்ளை பிறந்து, இந்தப் பேர் எங்கையிருந்து வந்தது எண்டு கேட்டால், நான் சொன்னால் சரியா வராது. நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓம்," என்றேன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லவேண்டும் என்று இப்போதெல்லாம் அடுப்படியில் நிற்கும்போது சொல்லிப் பார்க்கிறேன், அண்ணை. இது ஓர் ஆளின் பெயர், அவர் இலந்தைக்குளத்தடியில் பிறந்தவர், அவருடைய ஆட்கள் துணி வெளுத்தவர்கள், அவரும் இங்கே வந்து அதையே செய்தார் என்று தொடங்குவேன். வாழ்நாள் முழுக்க ஒளித்தே பழகிய வாய், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது. பிள்ளை பிறந்து, வளர்ந்து, கேட்கிற வயது வருவதற்குள் சரியாக வந்துவிடும். அதுவரை நான் இருக்கவேண்டும்.